தனி ஆளுக்குத் தெரியாத சோறு

சிப்பிக்குப்பத்தில் சோறு தனி ஆளின் கண்ணுக்குத் தெரியாமல் போனது முதன்முதலில் தன் வீட்டில்தான் என்று பவுனாம்பாள் சொல்வாள், இல்லை எங்கள் வீட்டில்தான் என்று அந்தக் கடலோரத்தில் இன்னும் பல பேர் சண்டைக்கு வருவார்கள், யார் வீட்டில் முதலில் என்று தெரிந்து இப்போது யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆகவே நாம் பவுனாம்பாள் பக்கமே நின்றுகொள்வோம்.

அன்று காலை உலையில் அரிசியைப் போட்டுவிட்டு விறகைத் தள்ளக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது அடுப்பு எரிந்தது, பானை இருந்தது, பானைக்குள் ஒன்றும் இல்லை. அகப்பையை விட்டுத் துழாவினாள், அது பானையின் அடியில் போய்த் தட்டியது. மோந்து பார்த்தாள், வாசனை இல்லை. புத்தி கெட்டுப்போய் அரிசியே போடவில்லையோ என்று அவள் திகைத்து நின்றபோது, பல் விளக்கிவிட்டு உள்ளே வந்த அவள் புருஷன் மாசிலாமணி, "என்னாடி, சோறு பொங்கி வழியுது, நீ பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற" என்றான். பார்த்தால் வழிந்துகொண்டுதான் இருந்தது. அவன் வாசலுக்குப் போனான், பானை காலி. "ஏங்க, இங்க வாங்க" என்றாள், வந்தான், சோறு. "செத்த வெளிய போங்க" என்றாள், போனான், காலி. இப்படியே அவனை உள்ளேயும் வெளியேயும் நடக்கவிட்டதில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, நீயே ஆக்கி நீயே தின்னு என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். கோபம் வந்தால் சாப்பிடாமல் கடற்கரைக்குப் போவது அவன் வழக்கம். அவள் மதியம் வரைக்கும் பட்டினி கிடந்தாள்.

மதியத்துக்குள் ஊர் முழுக்க இதே பாடு. டீக்கடையில் சுட்டு வைத்த வடை சுட்டவருக்கே தெரியவில்லை, தனியாக வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வெறும் சட்டியைச் சுரண்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிதான் வழித்துக்கொண்டு போய்விட்டாள் என்று தெருவில் இறங்கித் திட்ட, திட்டுவதற்காகக் கூடின கூட்டத்துக்கு அவரவர் வீட்டுச் சோறு கதவு வழியாகத் தெரிய ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள், டி.வி.க்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். சிப்பிக்குப்பத்தார் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சினார்கள், எல்லோரும் சேர்ந்து நின்றதால் அந்தக் கூழை நன்றாகவே பார்த்துக் குடித்தார்கள், குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார்கள். பசிக்கிற ஊருக்கு ஏன் என்ற கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் வரும், சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிடும்.

சீக்கிரமே நெளிவு சுளிவு பிடிபட்டுவிட்டது. தனி ஆளுக்கு எதுவும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது, மூக்குக்கும் எட்டாது. இரண்டு பேர் என்றால் பானையின் மேற்சோறு ஒரு கைப்பிடி தெரியும், நாலு பேர் என்றால் குழம்பு தெரியும், பத்துப் பேர் என்றால் குழம்புக்குள் கிடக்கிற மீன் தெரியும், தெருவே சேர்ந்து உட்கார்ந்தால் எவளோ எப்போதோ பரணில் மறந்துவிட்ட கருவாடு வரைக்கும் பளிச்சென்று தெரியும். சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதாது, பக்கத்து ஆளின் வேர்வை வாடை எட்டவேண்டும். முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் நின்றாலும் பிரயோஜனமில்லை. தனியே டவுனுக்குப் போன ஒருவன் பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று பரோட்டாக் கடையைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போய் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தான்.

கடலிலும் அதேதான். ஒற்றைப் படகுக்கு வெறும் தண்ணீர், சேர்ந்து போகிற படகுகளுக்கு மீன். அதிலும் பெண்கள் இருக்கிற கூட்டத்துக்குச் சீக்கிரம் தெரிகிறது என்பதை யாரோ கண்டுபிடிக்க, படகில் பெண் கால் வைத்தால் கடல் கோபித்துக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஆம்பிளைகள் இப்போது "ஏறு தாயி, மெதுவா" என்று கை கொடுத்து ஏற்றினார்கள். பவுனாம்பாள் படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து போன முதல் நாள் வழிநெடுக வாந்தி எடுத்தாள், வாந்திக்கு நடுவில் கையை நீட்டி "அந்தா" என்றாள், அங்கே மத்தி இருந்தது.

"நாம மத்தி ஆயிட்டோம்டி" என்றான் மாசிலாமணி அன்று சாயங்காலம், பத்து வீட்டாரோடு வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டே. "ஒத்த மத்தி எரைக்கு நடுவுல போனாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது, பட்டினியாத்தான் சுத்தும். கூட்டமா வரும்போது எதோ ஒண்ணு சடார்னு திரும்பும், அது ஏன் திரும்புச்சுன்னு மத்ததுக்குத் தெரியாது, ஆனா அத்தனையும் திரும்பும். திரும்புன பக்கம் எரை இருக்கும்."

"மொதல்ல திரும்புறது எது?"

"அத எவன் பாத்தான். மொத மீனுன்னு ஒண்ணு கெடையாது அதுல."

பெரிய கூட்டத்தில் சோறு சட்டென்று தெரிந்தது என்னவோ உண்மைதான், தெரிந்த சோற்றில் முந்தின கை முக்கால்வாசியை அள்ளிக்கொண்டதும் உண்மைதான். வரிசையின் வாலில் உட்கார்ந்தவர்களுக்கு வழித்த சட்டி கிடைத்தது. ஆனாலும் யாரும் எழுந்து தனியே போகவில்லை, வழித்த சட்டியாவது கண்ணுக்குத் தெரிகிறதே.

இதெல்லாம் ஊருக்கு. ஊரில் சேராத ஒருவன் இருந்தான், அவன் பவுனாம்பாளின் கூடப்பிறந்த தம்பி தேசிங்கு.

கடலில் மீன் கூட்டத்தைக் கண்டவன் தலைத்துண்டை அவிழ்த்து வீசவேண்டும், வீசினால் கண்ணுக்கு எட்டின படகெல்லாம் வந்து சேரும், வந்தவர்கள் எல்லோரும் அள்ளலாம். சிப்பிக்குப்பத்தில் அது சட்டம். தேசிங்குக்குக் கண் கூர்மை, படகு ஓட்டை. அவன்தான் எப்போதும் முதலில் பார்ப்பான், துண்டை வீசுவான், அவன் வலையை அவிழ்ப்பதற்குள் இஞ்சின் படகுகள் வந்து சுற்றிவளைத்து வாரிக்கொண்டு போய்விடும், அவனுக்கு மீன் வாடை மட்டும் மிஞ்சும். ஒருநாள் அவன் துண்டை அவிழ்க்கவில்லை, தலையில் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாக வலை போட்டான். அதை ஒருவன் பார்த்துவிட்டான். பஞ்சாயத்தில் கேட்டபோது காற்றில் துண்டு பறந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள், அவர்களுக்கும் விடத்தான் ஆசை. அவனோ, "ஆமா, வீசல. வீசி வீசி நான் என்னத்தக் கண்டேன்?" என்றான். ஊர்விலக்கு வைத்தார்கள். அவனோடு பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நெருப்பும் தண்ணீரும் தரக்கூடாது, யார் அவனோடு சேர்ந்தாலும் அவர்கள் வீடும் விலக்கு. பார்த்து வைத்திருந்த பெண்ணின் வீட்டார் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவன் ஊர்க்கோடியில் சவுக்குத் தோப்பு மேட்டிலிருந்த குடிசையில் ஒண்டியாகக் கிடந்தான்.

அதற்கு அடுத்த மாதம்தான் சோறு மறைய ஆரம்பித்தது. அவன் செய்த பாவத்தால்தான் என்று சிலர் சொன்னார்கள், அவனுக்குச் செய்த பாவத்தால்தான் என்று சிலர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பவுனாம்பாள் சருகு அரிக்கப் போகிற சாக்கில் ஒரு சட்டிச் சோற்றை அவன் வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் சட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, அவன் அதன் மேல் தடுக்கியிருந்த தடம் மண்ணில் இருந்தது, சட்டி நிறைய எறும்பு. எறும்புகள் கூட்டமாக வந்ததால் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பேசக்கூடாது என்றார்கள், கொடுக்கக்கூடாது என்றார்கள், நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மறுநாள் காலை வேறொரு சட்டிச் சோற்றை வேலியோரம் வைத்துவிட்டு, வேலிக்கு இந்தப்பக்கம், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சருகு அரிக்கிற துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப்பக்கம் முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சட்டி நகர்கிற சத்தம், பிறகு அவன் சாப்பிடுகிற சத்தம். அக்காள் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் அவன் வேண்டுமென்றே சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். சின்ன வயதில் சத்தம் போட்டுச் சாப்பிட்டதற்காக அவன் மண்டையில் எத்தனை குட்டு குட்டியிருப்பாள்! அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தம் பேச்சில் சேருமா சேராதா என்று தெரியவில்லை.

தினமும் ஒரு கைப்பிடி. அதில் ஒரு ஆள் சாகமாட்டான். கோழி தேடி வந்த ஒருத்தி பார்த்துவிட்டாள், பார்த்ததை மனசில் வைத்துக்கொள்ள அவளாலும் முடியவில்லை, பஞ்சாயத்தார் கூடி, நிற்பதும் சேர்வதும் ஒன்றுதான் என்று முடிவு செய்தார்கள்.

பவுனாம்பாள் ஊர்த்தலைவர் பக்கிரிசாமியின் காலில் போய் விழுந்தாள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம், அந்த ஊரில் கெட்டவர் என்று காட்ட ஒருவர்கூட இல்லை.

"எந்திரி பவுனு. எனக்கு மட்டும் அவன் மேல கோவமா? ஊர் கூடி வெச்சத ஊர் கூடித்தான் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எடுத்துப்புடுவோம், போ."

விலக்கு எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மாரியம்மன் கோயில் மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள், கோட்டுக்கு இந்தப்பக்கம் ஊர், அந்தப்பக்கம் ஒரு வலையை விரித்துக் காயப்போடுகிற தூரம் தள்ளி விலக்குக்காரன், அவன் முன்னால் அண்டா நிறைய ஊர்ச்சோறு. அவன் தன் கையால் ஒரு பிடி எடுத்துத் தின்னவேண்டும். தின்றபிறகுதான் கோட்டை அழிப்பார்கள், அதற்கு முன்னால் கோட்டைத் தாண்டியவன் வீடும் அவனோடு விலக்கு.

"அவன் ஒண்டியா நிப்பானே சித்தப்பா, சோறு எப்புடித் தெரியும் அவனுக்கு?"

பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "முறைய நான் மாத்துனா நாளைக்கு முறைன்னு ஒண்ணு எங்க இருக்கும்? ஆத்தா கண்ணத் தொறப்பா, போ."

ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் வந்தது, மாசமாக இருந்த பவுனாம்பாளின் மகள் தையல்நாயகிகூட வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள். தேசிங்கு தோப்பு மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

"தேசிங்கு, ஊர்ச்சோறு இருக்கு, எடுத்துத் தின்னு" என்றார் பக்கிரிசாமி.

அவன் அண்டாவைப் பார்த்தான், உள்ளே பார்த்தான். "எங்க சித்தப்பா இருக்கு?"

"கைய விடுய்யா, உள்ளதான் இருக்கு."

"இன்னும் கீழ விடு" என்றது ஒரு குரல். "வலது பக்கமா" என்றது இன்னொன்று. "அள்ளு, அள்ளு, ஆங், அள்ளிட்டான்" என்று பெண்கள் கத்தினார்கள். ஆவி பறக்கிற சோற்றுக்குள் அவன் கை முழங்கை வரைக்கும் போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். வெளியே எடுத்தபோது ஒரு பருக்கை ஒட்டவில்லை, சோற்றின் மேல் ஒரு சுவடு விழவில்லை, கை மட்டும் வெந்து சிவந்திருந்தது. சூடு தெரியாததால் அவன் மறுபடியும் விட்டான். மறுபடியும் விட்டான். ஊர் அழுதது. நாம் பொய் சொல்லக்கூடாது, ஊர் உண்மையாகவே அழுதது, ஆம்பிளைகள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

பத்துப் பேர் சேர்ந்து கோட்டைத் தாண்டினால் அது விலக்கு இல்லை, அதுவே ஒரு ஊர், பத்துப் பேருக்குச் சோறும் தெரியும் குழம்பும் தெரியும் மீனும் தெரியும். இது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் பக்கத்து ஆளின் காலைப் பார்த்தார்கள். அது நகர்ந்தால் இதுவும் நகரும். பவுனாம்பாள் தன் இரண்டு பக்கமும் பார்த்தாள், அத்தனை காலும் நகரத் தயாராக நின்றன, ஒன்றும் நகரவில்லை. அவள் காலைத் தூக்கினாள், மாசிலாமணி மணிக்கட்டைப் பிடித்தான். "தையலு மாசமா இருக்காடி" என்றான். அவள் காலைக் கீழே வைத்துவிட்டாள்.

அதை தேசிங்கு பார்த்தான். பார்த்துவிட்டு, வெறும் கையைக் குவித்து வாயில் வைத்தான், மென்றான், தொண்டை ஏறி இறங்க விழுங்கினான், துண்டால் வாயைத் துடைத்தான். "தின்னுட்டேன் சித்தப்பா" என்றான்.

பக்கிரிசாமியின் முகம் மலர்ந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தார், திறந்தவர் தன் வலப்பக்கம் நின்ற பஞ்சாயத்தாரைப் பார்த்தார், அவர்கள் அவருடைய இடப்பக்கம் நின்றவர்களைப் பார்த்தார்கள், அவர்கள் சோற்றைப் பார்த்தார்கள். "சோத்துல குழி விழலியே" என்றான் எவனோ. பகையால் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னான். அவ்வளவுதான். சொல்லாமல் இருந்திருந்தால் அது முடிந்துபோயிருக்கும், சொன்ன பிறகு யாராலும் அதைக் கேட்காதது மாதிரி இருக்க முடியவில்லை.

தேசிங்கு மேட்டைப் பார்த்து நடந்தான்.

ஆக்கின ஊர்ச்சோற்றை வீணாக்கக்கூடாது. அண்டாவைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் இழுத்தார்கள், இலை போட்டார்கள். மாசிலாமணி சாப்பிடாமல் கடற்கரைக்குப் போய்விட்டான். பவுனாம்பாள் போகவில்லை. அத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்ததால் சோறு என்றைக்கும் தெரியாத அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது, சாம்பாரில் ஒவ்வொரு கடுகும் தெரிந்தது, காலையிலிருந்து அவள் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. இரண்டாம் தடவை பரிமாற வந்தபோது இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள், காட்டின கையைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. போட்ட சோற்றை ஒரு உருண்டையாக உருட்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கை கழுவப் போகிறவளைப் போல எழுந்தாள், நடந்தாள், கோட்டை மிதித்தாள், தாண்டினாள்.

கூட்டத்தின் வாடை விட்டதும் கை காலியாகிவிட்டது. சூடும் இல்லை, ஈரமும் இல்லை, விரல் விரலைத்தான் தொட்டது. வழியில் விழுந்துவிட்டதா இருக்கிறதா என்று திறந்து பார்க்கத் தோன்றியது, திறந்தால் இருந்தாலும் தெரியப்போவதில்லை, இருப்பதும் உதிர்ந்துவிடும். மூடின கையை மார்போடு அணைத்துக்கொண்டு மேடேறினாள்.

குடிசை வாசலில் படுத்திருந்தான். "போயிடுக்கா. தையலு மாசமா இருக்கு."

அவள் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கையைத் திறந்தாள். விரல் தடத்தோடு உருண்டை இருந்தது.

"நீ தின்னியா?" என்றான்.

"தின்னேன்டா. வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் வர்றேன். என்னையத் திட்டுடா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பாதியைப் பிட்டு அவன் வாயில் வைத்தாள், பல் ஆடிப்போயிருந்ததால் மெதுவாக மென்றான்.

மேட்டிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். இரண்டு பேருக்கு ஒரு கைப்பிடிதான், அதற்கு மேல் அங்கே இருந்த எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஊர் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து வெறும் இலையிலிருந்து வெறும் கையை எடுத்து வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. பக்கிரிசாமி எழுந்து மேட்டைப் பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்து என்னவோ சொன்னார். தையல்நாயகிக்கு வலப்பக்கம் இருந்தவள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இடப்பக்கம் இருந்தவள் எழுந்தாள். எதிர்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது, எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பிக் கோயில் பக்கமாக ஒதுங்கியது, நடுவில் தையல்நாயகி மட்டும் வயிற்றோடு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. இலையைப் பார்த்தாள். கையால் இலையைத் தடவினாள், இந்த ஓரம் தடவினாள், அந்த ஓரம் தடவினாள்.

பவுனாம்பாளின் உடம்பு எழப் பார்த்தது, மடியில் தம்பியின் தலை இருந்ததால் எழ முடியவில்லை. எழுந்தால் அவன் வாயில் இருப்பது இல்லாமல் போய்விடும்.

"மென்னு முழுங்குடா" என்றாள், கீழே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே. "சாமி, சீக்கிரம் முழுங்குடா."